சகோதரத்துவத்துக்குக் கதவு எதற்கு?

தென்னாட்டில் ஒரு பட்டணத்தில் வைத்தியத் தொழில் நடத்திவரும் நமது வாலிபத் தோழர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் என்னவென்றால், அவ்வூர்ப் பிரமுகர்கள் சிலர் அவரை 'பிரீமேசன்' சங்கத்தில் சேரும்படி அழைக்கிறார்கள் என்பதும், அச்சங்கத்தார் ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்புக்கு உதவுவதையும் கண் வைத்திய முகாம் நடத்துவதையும் அவர் நேரில் பார்த்திருக்கிறார் என்பதும், ஆனால் சேருகிறவன் கடவுள் நம்பிக்கை உண்டென்று சொல்லித்தான் தீரவேண்டியிருக்கிறது என்பதுமேயாகும். "ஒரு வார்த்தைதானே, அதைச் சொல்லிவிட்டுப் போய் நாலு பேருக்கு நன்மை செய்தால் என்ன?" என்று கேட்கிறார்.

கேள்வி நியாயமானதே. 'நாலு பேருக்கு நன்மை' என்று சொல்லித்தான் உலகத்தில் எல்லா மதங்களும் கடை திறந்தன என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அதற்காக நன்மையையே வேண்டாமென்று தள்ளிவிட நாம் முட்டாள்களல்ல. ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே கவனிப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சங்கத்தைப் பற்றி ஊரில் நடமாடும் பூதக் கதைகளில் நமக்கு நம்பிக்கை கிடையாது. வட நாட்டில் இதன் மண்டபங்களை 'ஜாதூகர்', அதாவது மந்திர வீடு என்றே பாமர ஜனங்கள் அழைத்து வந்திருக்கிறார்கள். ரோமாபுரிப் போப்பு 1738-லேயே இதை மதத்துக்கு விரோதமென்று சொல்லிக் கத்தோலிக்கர்களைத் தடுத்துவிட்டார். ஹிட்லர் யூதர்களோடு சேர்த்து மேசன்களையும் ஜாடை காட்டி, 1935-க்குள் ஜெர்மனியிலிருந்த லாட்ஜுகளையெல்லாம் மூடவைத்தான். போப்பும் ஹிட்லரும் சேர்ந்து ஒருவனைப் பகைத்தால், அவனிடம் ஏதோ நல்ல குணம் இருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது. எனவே நாம் சொல்லப்போவது அவர்கள் சொன்னதல்ல.

நிற்க, இந்தச் சங்கத்தின் பெயருக்கு அர்த்தம் கொத்தனார் சங்கம் என்பதுதான். மூலைமட்டம், ரசமட்டம், கவராயம், தூக்குக்குண்டு ஆகிய கொத்துவேலைக் கருவிகளே இவர்களுக்கு அடையாளங்கள். இடுப்பில் ஒரு தோல் ஏப்ரன் கட்டிக்கொள்ளுவார்கள். எல்லாரும் ஒரே மட்டத்தில் நிற்கிறோம் என்பதற்கு ரசமட்டமும், யோக்கியமாய் நடக்கிறோம் என்பதற்கு மூலைமட்டமும் குறிப்பாம். கருத்து நல்ல கருத்துதான். ஆனால் சென்னை எழும்பூரில் எத்திராஜ் சாலையிலிருக்கும் இவர்களுடைய மண்டபத்தில், வெயிலில் நின்று கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சுவரெழுப்பினானே, அந்த நிஜக் கொத்தன், அவன் என்றைக்காவது உள்ளே போய் ஒருவரைச் 'சகோதரரே' என்று கூப்பிட்டிருப்பானா? கோவில் கட்டின கொத்தனும் சிற்றாளும் கும்பாபிஷேகத்தன்று வெளியே நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிற தேசத்தில் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இவர்கள் செய்த நன்மைகளை மறைக்க நாம் விரும்பவில்லை. 1788-ல் லண்டனில் ருஸ்பினி என்னும் பல் வைத்தியர் முயற்சியால், செத்துப்போன அல்லது நொடித்துப்போன மேசன்களின் பெண் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பெண்ணுக்குப் படிப்பு எதற்கென்று ஐரோப்பாவே கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காவில் மேசன்களில் ஒரு பிரிவாரான 'ஷ்ரைனர்'கள் 1922-ல் லூயிசியானா மாகாணத்து ஷ்ரீவ்போர்ட் நகரில் கால் கை ஊனமுற்ற குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி திறந்து, பிறகு பல நகரங்களிலும் திறந்தார்கள். அங்கே வைத்தியம் பெறக் குழந்தையின் தகப்பன் மேசனாயிருக்க வேண்டுமென்ற நிபந்தனை கிடையாது. இதைப் பாராட்டாதவன் மனிதனல்ல. நமது நாட்டு மடங்களின் வரும்படியில் நூற்றிலொரு பங்கு இப்படிச் செலவானால் நாமே மடாதிபதிகளுக்கு மாலை போடுவோம்.

ஆனால் தோழர் கேட்பது தர்மத்தைப் பற்றி மட்டுமல்ல, சகோதரத்துவத்தைப் பற்றியும். ஒரு சங்கத்தின் சகோதரத்துவத்தை அளக்க வேண்டுமானால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் எப்படி அழைத்துக்கொள்ளுகிறார்கள் என்று பார்த்தால் போதாது. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் யார் என்று பார்க்க வேண்டும். அக்கிரகாரத்துக்குள்ளேகூட எல்லாரும் அண்ணா, தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொள்ளுகிறார்கள்.

இச்சங்கத்துக்கு 1723-ல் லண்டனில் அச்சான சட்டப் புஸ்தகத்தை எழுதியவர் ஆண்டர்சன் என்னும் ஒரு பாதிரியார். மேசன் ஆகிறவன் சுதந்திரமாய்ப் பிறந்த ஆண்பிள்ளையாக இருக்கவேண்டும், அடிமையும் பெண்பிள்ளையும் கூடாது என்பது அதில் கண்ட விதி. தொழிலை உண்மையாய் அறிந்த மேசன் ஒருக்காலும் மூட நாஸ்திகனாக மாட்டான் என்றும் அதே புஸ்தகம் சொல்லுகிறது. ஆக அடிமை, பெண், நாஸ்திகன் ஆகிய மூவரும் முதல் நாளே வாசலுக்கு வெளியே. நமக்கு இந்த மூவரையும் பற்றித்தான் கவலை.

அடிமையின் கதையை முதலில் சொல்லுகிறோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிரின்ஸ் ஹால் என்றொரு கறுப்பர் இருந்தார். தோல் பதனிடுகிறவர். நமது ஊரானால் அவரைச் சேரிக்கு அனுப்பியிருப்பார்கள். அங்கே நிறத்துக்காக அனுப்பினார்கள். அமெரிக்க சுதந்திர யுத்தக் காலத்தில் அவரும் வேறு சில கறுப்பர்களும், பிரிட்டிஷ் பட்டாளத்தோடு வந்திருந்த ஐரிஷ் லாட்ஜ் ஒன்றில் மேசன்களானார்கள். சகோதரர்களான பிறகு உள்ளூர் வெள்ளைச் சகோதரர்கள் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்களா என்றால், இல்லை. ஊர்வலம் போகலாம், செத்தவரைப் புதைக்கலாம், அவ்வளவுதான். சாவுக்கு மட்டும் உரிமை கொடுப்பது எல்லாத் தேசத்து வைதீகத்துக்கும் பொது குணம் போலிருக்கிறது. பிரின்ஸ் ஹால் சளைக்காமல் லண்டனுக்கு எழுதினார். 1784-ல் லண்டன் கிராண்ட் லாட்ஜ் சாசனம் எழுதிக் கொடுத்தது. அது கடல் தாண்டிப் பாஸ்டனுக்கு வந்து சேர 1787 ஆயிற்று.

இனித்தான் தோழர் கவனிக்கவேண்டிய சங்கதி. அந்தக் கறுப்பர் லாட்ஜ் என்ன செய்தது? விருந்து சாப்பிட்டுக் கலையவில்லை. 1777-லேயே, ஜனங்கள் எல்லாரும் சுதந்திரம் சுதந்திரமென்று கத்திக்கொண்டிருந்த சமயத்தில், அடிமைகளையும் விடுதலை செய்யுங்கள் என்று மாஸசூஸெட்ஸ் சட்டசபைக்குப் போன மனுவில் பிரின்ஸ் ஹாலின் கையெழுத்து இருக்கிறது. 1787-ல், எங்களிடம் வரி வாங்குகிறீர்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டு இன்னொரு மனுப் போட்டார். 1788 பிப்ரவரியில், சுதந்திரமான மூன்று கறுப்பர்களை வேலை தருவதாக ஆசை காட்டிக் கப்பலில் ஏற்றி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு விற்கக் கொண்டுபோய்விட்டார்கள். லாட்ஜைச் சேர்ந்தவர்கள் கூடிக் கையெழுத்துப் போட்டுச் சட்டசபையை முறையிட்டார்கள். வெள்ளைக்காரரில் நல்லவர் சிலரும் இதே குரலை எழுப்பினார்கள். அடுத்த மாதமே அந்த மாகாணம் அடிமை வியாபாரத்தைத் தடுக்கச் சட்டம் செய்தது. கடத்தப்பட்ட மூவரும் அந்த வருஷமே ஊர் திரும்பினார்கள். 1797-ல் தம் லாட்ஜாரிடம் பேசுகையில், பண்டிகை நாட்களில் பாஸ்டன் தெருக்களில் தம்மவர் படும் அவமானத்தை அவர் ஒளிக்காமல் எடுத்துச் சொன்னார். 1807-ல் இறந்தார்.

பிரின்ஸ் ஹால் நாஸ்திகரல்ல. பைபிளை எடுத்துப் பேசியவர்தான். அதை மறைத்து அவரை நம் கட்சியென்று சொல்லிக்கொள்ளுகிற பழக்கம் நமக்கில்லை. ஆனால் அந்தக் கப்பலைத் துரத்தியது எது? ரகசியக் கைகுலுக்கலா? கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த பிரமாணமா? கூட இருந்த மூன்று பேர் காணாமற்போனதை இருபது பேர் தங்கள் சொந்தக் காரியமாக எடுத்துக்கொண்டார்களே, அதுதான். அந்த இருபது பேர் ஒரு பஜனை மடத்தில் கூடியிருந்தாலும், ஒரு சாயக்கடையில் கூடியிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

வெள்ளை லாட்ஜுகளோ இவர்களை மேசன்களென்றே ஒப்புக்கொள்ளவில்லை. 'சுதந்திரமாய்ப் பிறந்தவன்' என்ற அந்த 1723-ம் வருஷத்து வார்த்தையைக் காட்டி, அடிமையாய்ப் பிறந்து பின்னால் விடுதலை பெற்றவன் ஆகமாட்டான் என்று வியாக்கியானம் செய்தார்கள். இங்கிலாந்தில் அந்த வார்த்தையை 1847-ல் 'சுதந்திர மனிதன்' என்று திருத்திக்கொண்டும் அமெரிக்காவில் மனம் திருந்தவில்லை. மாகாணக் கிராண்ட் லாட்ஜ் ஒன்று பிரின்ஸ் ஹால் சங்கத்தை அங்கீகரித்து, அந்த அங்கீகாரம் நிலைத்தும் நின்றது 1989-ல், கனெக்டிகட்டில்தான். இங்கிலாந்து 1994-ல் அங்கீகரித்தது. சாசனம் எழுதி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது! இதற்கு நடுவே 1954-ல், கறுப்புப் பிள்ளைகளை வேறாகப் பிரித்துவைக்கும் பள்ளிக்கூடங்கள் சட்ட விரோதமென்று தீர்ப்பாயிற்றே, அந்த வழக்கை நடத்திய தர்குட் மார்ஷல் ஒரு பிரின்ஸ் ஹால் மேசன். வழக்கு நிதிக்கு அந்தச் சங்கத்தார் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் செய்த தொண்டு இது.

நம் நாட்டில் நடந்ததும் இதற்குத் தம்பிதான். ஆர்க்காட்டு நவாபின் குமாரர் உம்தத்-உல்-உம்ரா 1770-களிலேயே திருச்சிராப்பள்ளியில் மேசனாக்கப்பட்டார். நவாபு வீட்டுப் பிள்ளைக்குக் கதவு தானே திறந்துவிட்டது. ஆனால் பம்பாயில் மாணக்ஜி கர்சேட்ஜி என்ற பார்சிக் கனவானை உள்ளூர் லாட்ஜார் வேண்டாமென்றார்கள். அவர் பிரான்சுக்குப் போய் மேசனாகித் திரும்பியும் சேர்க்கவில்லை. ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற வெள்ளைக்காரருக்கே இது பொறுக்காமல், இந்தியருக்கும் இடமளிக்க 1843-ல் தனியாக ஒரு லாட்ஜ் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. கல்கத்தாவில் பிரசன்ன குமார தத்தர் என்ற வியாபாரி 1863-ல் விண்ணப்பம் போட்டு, 1872 வரையில் போராடித்தான் உள்ளே நுழைந்தார். ஆட்சேபணை என்ன தெரியுமா? இந்துக்களுக்குப் பல கடவுள்களாம், ஒரே கடவுள்மேல் பிரமாணம் எப்படிச் செய்வார்கள் என்பது ஒன்று. ஜாதி பார்க்கிறவன் எப்படிச் சமமாக உட்கார்ந்து உண்பான் என்பது மற்றொன்று. இரண்டாவது ஆட்சேபணை நமக்கு நிரம்பப் பிடித்ததுதான். ஆனால் அதைச் சொன்னவன், லாட்ஜைவிட்டு வெளியே வந்ததும் 'நேட்டிவ்' ஏறக்கூடாத ரயில் வண்டியில் ஏறிக்கொண்டு போன வெள்ளைக்காரன்! 1886-ல் லாகூர் லாட்ஜில் இந்துவோடும் முஸ்லிமோடும் யூதனோடும் சகோதரனாய் உட்கார்ந்த கிப்ளிங்கும், 1899-ல் வெள்ளைக்காரன் சுமக்கும் பாரத்தைப் பாடின கிப்ளிங்கும் ஒரே ஆள்தான். இரவில் சகோதரன், பகலில் பாரம்!

இனி நாஸ்திகனின் சங்கதி. கடவுளை எடுத்துவிட்டால் இந்தச் சங்கமே இடிந்துபோகும் என்பார்கள். பிரான்சு தேசத்துக் கிராண்ட் ஓரியண்ட் என்ற பெரிய சங்கம் 1849-ல் கடவுளையும் ஆத்மா அழியாதென்பதையும் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டது. 1877-ல் அதை அடித்துவிட்டது. அடிக்கச் சொல்லி எழுந்து பேசினவர் டெஸ்மான் என்னும் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் என்பதைத் தோழர் கவனிக்க வேண்டும். நம்புகிறவன் நம்பட்டும், நம்பாதவனிடம் கேட்பானேன் என்பது அவர் வாதம். பாதிரியாருக்கு வந்த இந்தப் புத்தி நம்முடைய எத்தனை சட்டசபைக்காரருக்கு வந்திருக்கிறது? இங்கிலாந்துச் சகோதரர்கள் மறு வருஷமே பிரெஞ்சுச் சகோதரர்களோடு உறவை முறித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுச் சங்கம் இடிந்ததா? அங்கு மேசனாயிருந்த ஜூல் பெர்ரி மந்திரியாகி, 1881, 1882-ம் வருஷங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம்பளமில்லாத, கட்டாயமான, பாதிரியில்லாத படிப்பைச் சட்டமாக்கினார். (அதே பெர்ரிதான் அன்னிய நாடுகளைப் பிடிக்கவும் ஓடினார் என்பது தனிக் கதை.)

பிராட்லா பெயரைக் கேளாத பகுத்தறிவுத் தோழர் இருக்கமாட்டார். அவரும் மேசன்தான் என்பது பலருக்குத் தெரியாது. லண்டனில் அடைக்கலம் புகுந்த பிரெஞ்சுக்காரர்கள் நடத்திய லாட்ஜ் வழியாக நுழைந்து, பிறகு டாட்டன்ஹாமில் ஆங்கில லாட்ஜிலும் இருந்தார். எதற்காக விட்டார்? 1874-ல் இளவரசர் எட்வர்டைச் சங்கத்துக்கே தலைவராக்கினார்கள். ஒரே மட்டமென்று ரசமட்டத்தைக் காட்டிவிட்டு, ராஜா வயிற்றில் பிறந்ததற்காக ஒருவனைத் தலைமேல் தூக்கி வைத்ததும், பிராட்லா தம் சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடவுளுக்காக விலகவில்லை, மனிதனை மனிதன் வணங்குவதற்காக விலகினார்.

'ஒரு வார்த்தைதானே' என்று கேட்கும் தோழருக்கு இன்னொரு சங்கதியும் இவரிடத்தில் இருக்கிறது. 1880-ல் நார்தாம்ப்டன் ஜனங்கள் பிராட்லாவைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியபோது, கடவுள் பேரால் பிரமாணம் செய்யாமல் உறுதி கூறுகிறேன் என்றார், கூடாதென்றார்கள். அப்படியானால் உங்கள் வார்த்தைகளையே சொல்லுகிறேன், ஆனால் அவற்றில் கடவுளைப் பற்றிய பகுதி எனக்கு அர்த்தமற்றது என்றார், அதுவும் கூடாதென்றார்கள். மறுபடி மறுபடி ஜனங்கள் தெரிந்தெடுத்தும், 1886-ல்தான் உட்கார முடிந்தது. 1888-ல் அவரே பாடுபட்டுப் பிரமாணச் சட்டத்தை மாற்றி நாஸ்திகனுக்கு வழி செய்தார். ஆகவே அந்த வார்த்தையை வாயால் சொல்லவே கூடாதென்று அவர் விரதம் பூண்டிருக்கவில்லை. ஒளித்துக்கொண்டு சொல்லமாட்டேன் என்பதுதான் அவர் பிடிவாதம். அதற்காகவே ஆறு வருஷம் வாசலில் நின்றார்.

பெண்கள் விஷயம் சுருக்கமானது. 1882-ல் பாரிசுக்குப் பக்கத்தில் லெ பெக் என்ற ஊரில், 'சுதந்திர சிந்தனைக்காரர்' என்றே பெயர் வைத்திருந்த ஒரு லாட்ஜார் மரியா டெரேம் என்ற அம்மையாரை மேசனாக்கினார்கள். உலகமே இடிந்ததுபோல் கூச்சல். அவர் 1893-ல் ஆணும் பெண்ணும் சேர்ந்த ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதில் 1902-ல் சேர்ந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அன்னி பெசண்டம்மையார். ஒரு காலத்தில் பிராட்லாவுக்குப் பக்கத்தில் நின்று கடவுளில்லை என்று பேசிய அதே அம்மையார் அடையாற்றுக்கு வந்தபின் எத்தனை மகாத்மாக்களைக் கண்டார் என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. 1961-ல் ஏற்பட்ட இந்தியக் கிராண்ட் லாட்ஜோ பழைய ஆங்கில வழியே போவது. பைபிள், குரான், கீதை முதலிய புஸ்தகங்களைச் சேர்த்து வைத்துப் பிரமாணம் வாங்கும். பெண்களை மட்டும் சேர்க்காது. எல்லா மதத்துக்கும் இடமுண்டு, வீட்டுக்காரிக்கு இடமில்லை.

ரகசியத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பரம ரகசியமென்று சொல்லப்படும் சடங்குகளை 1730-லேயே பிரிச்சர்டு என்பவர் லண்டனில் அச்சடித்து விற்றுவிட்டார். திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி ராமானுஜர் மந்திரத்தை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டதாகக் கதை உண்டல்லவா? அதற்கப்புறமும் காதில் ஓதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

ஆகையால் தோழருக்கு நாம் சொல்லுவது இவ்வளவே. உங்களை அழைக்கும் கனவான்களிடம், பாரத்தில் கையெழுத்துப் போடுமுன், கண்ணைக் கட்டுமுன், பகல் வெளிச்சத்திலேயே சொல்லிவிடுங்கள்: எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, ஆனால் உங்களோடு சேர்ந்து வேலை செய்ய இஷ்டம் இருக்கிறது என்று. அவர்கள் வா என்றால் போங்கள், நாம் தடுக்கவில்லை. போனபின் முதற் கூட்டத்திலேயே, பெண் டாக்டர்களை ஏன் அழைக்கவில்லை என்றும், இந்த மண்டபத்துக்குச் சுண்ணாம்பு பூசினவன் ஏன் இங்கே இல்லை என்றும் கேளுங்கள். வராதே என்றால், கண் முகாம் எந்த ஞாயிற்றுக்கிழமை, எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று மட்டும் விசாரித்துக்கொண்டு, மருந்துப் பெட்டியோடு அங்கே போய்விடுங்கள். கண் தெரியாத கிழவி உங்களிடம் சங்கேத வார்த்தை கேட்கப்போவதில்லை.

எது நடந்தாலும் நமக்கு எழுதுங்கள். உங்கள் பேரும் ஊரும் இல்லாமல் இப்பத்திரிகையில் பிரசுரிக்கிறோம்.